கல்வெட்டில் ‘இறையிலி’ என்று இருந்தால், அந்த வரியை உண்மையில் யார் செலுத்தினார்கள்?

மரக்கால் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர்ப் பக்கம் உள்ள எங்கள் சிற்றூரின் சிவன் கோயிலில் இப்போது திருப்பணி நடந்து வருகிறது. கருவறையின் தென்புறச் சுவரில் அடுக்கடுக்காக ஏறியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டியபோது, அடித்தளத்தின் உருண்டையான குமுதப் படையிலும் அதற்கு மேலுள்ள சுவரிலும் எழுத்துகள் வெளிப்பட்டன. தொடக்க வரிகள் பிற்காலத்தில் கட்டிய மண்டபச் சுவருக்குள் புதைந்துவிட்டதால், அரசர் பெயரும் ஆட்சியாண்டும் கிடைக்கவில்லை. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்ததில், ‘இறையிலி’ என்ற சொல் மூன்று இடங்களில் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. ஓரிடத்தில் அது ‘ஊர்க்கீழ் இறையிலி’ என்று வருகிறது. வேறோரிடத்தில் ‘இறை இழிச்சி’ என்றும், கடைசி வரியில் ‘சந்திராதித்தவல்’ என்றும் இருக்கின்றன.

இதைக் கேள்விப்பட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர், “பார்த்தாயா, நம் கோயில் நிலத்துக்கு அரசர் காலத்திலேயே வரி கிடையாது” என்று பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமையை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் குடும்பம் தலைமுறைகளாக அந்தக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதது. அறுப்பு முடிந்ததும் என் தாத்தா களத்திலேயே நெல்லைத் தூற்றி, கணக்குப்பிள்ளையின் முன்னால் அளந்து போடுவார். முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார். கோயிலுக்கு உரியதை அளந்து முடித்த பிறகு களத்தில் எஞ்சிய குவியல் எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதைச் சிறுவனாக நானே பார்த்திருக்கிறேன். நிலத்துக்கு வரி இல்லை என்றால், அவருக்கு முன்னும் அந்த நிலத்தை உழுதவர்கள் எதை அளந்து கொடுத்தார்கள்? வரி ஒன்றை நீக்குகிறோம் என்று கல்லில் வெட்டியபோது, அது உண்மையிலேயே இல்லாமல் போனதா, அல்லது வேறொருவர் தலைக்கு மாறியதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கல்லெழுத்து

வணக்கம் ஐயா. பதில் சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். சுவரைத் தூய்மை செய்ய மணல் வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவருவதாக யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். அரை விரற்கடை ஆழம்கூட இல்லாத எழுத்துகள் அந்த மணலின் முன் சில நிமிடங்கள் நில்லா. ஆயிரம் ஆண்டு மழைக்குத் தப்பிய வரிகள் ஒரு திருப்பணியில் மறைந்துபோனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் மைப்படி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நனைத்த தாளைச் சுவரில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் அந்தப் படியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் வெள்ளையாக எழுந்து வரும்.

இனி உங்கள் கேள்வி. இறை என்றால் வரி. இறையிலி என்றால் வரி நீங்கிய நிலம். பெரியவர் சொன்ன பொருள் சொல்லளவில் சரியானதுதான். ஆனால் அந்த நிலத்திலிருந்து யாரும் எதையும் பெறவில்லை என்ற பொருள் சோழர் காலத்து ஆவணங்களில் பெரும்பாலும் இல்லை. அரசன் பெற்றுவந்ததை இனிமேல் இன்னார் பெறுவார் என்பதே அங்கு நடந்தது. பிராமணருக்குக் கொடுத்தால் பிரமதேயம், கோயிலுக்குக் கொடுத்தால் தேவதானம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தால் பள்ளிச்சந்தம் என்று பெயர்கள் மாறும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் அதை லெய்டன் செப்பேடு என்றும் சொல்கிறோம். நாகப்பட்டினத்தில் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்த இறையிலியாகக் கொடுத்தான். நிலம் 97 வேலிக்குச் சற்று அதிகம். அந்த ஊர் இறுக்க, அதாவது செலுத்த, வேண்டிய நிலவரியான காணிக்கடன் 8943 கலம் நெல்லுக்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் வருகிறது. இந்த நெல் முழுவதையும் ஆனைமங்கலத்தார் பள்ளிக்கு இறுக்க வேண்டும் என்பதுதான் ஆணை. ஒரு கலம்கூட உழுதவனுக்குத் தள்ளுபடி ஆகவில்லை. நெற்கடமையோடு அது முடியவும் இல்லை. திருமணத்துக்குச் செலுத்தும் கண்ணாலக்காணம், வண்ணார் துவைக்கும் கல்லுக்கான வண்ணாரப்பாறை, குயவரிடம் பெறும் குசக்காணம், நெசவாளரிடம் பெறும் தறிப்புடவை, தட்டாரிடம் பெறும் தட்டாரப்பாட்டம் என்று அரசன் கொண்டுவந்த சிறு வரிகளையும் பெயர் பெயராகச் சொல்லி, அவற்றை இனி அரசன் கொள்ளாமல் பள்ளியே பெறும் என்று செப்பேடு முடிக்கிறது. அந்த வண்ணாருக்கும் குயவருக்கும் அந்தப் பட்டயம் என்ன விலக்கைத் தந்தது? அவர்களுடைய காசு போய்ச் சேரும் வாசல் மட்டுமே மாறியது.

அந்த மாற்றத்தை எவ்வளவு முறையாகச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அரசன் வாயால் சொன்னதை ஓலையில் எழுதுகிறார்கள். ஓலை எழுதுவோரின் தலைவர்களான ஓலைநாயகங்கள் அதற்கு ஒப்பமிடுகிறார்கள். வரிப் புத்தகத்தில் இறையிலி என்று பதிகிறார்கள். பிறகு நாட்டார் கூடி, பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை என்ற கொடை ஆவணம் எழுதிக் கொடுக்கிறார்கள். வரி நீக்கம் என்பது அந்நாளில் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. ஊரே சாட்சியாக நின்ற ஒரு நடவடிக்கையாக இருந்தது.

உங்கள் கல்வெட்டு இதிலிருந்து வேறுபட்டது, அதனாலேயே என் ஆர்வம் கூடுகிறது. ‘ஊர்க்கீழ் இறையிலி’ என்றால், அரசன் அந்த வரியை விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் தன் பொறுப்பில் விலக்கு அளித்தது என்று பொருள். நடைமுறை இவ்வாறு இருந்தது: ஒருவர் நிலம் வாங்கிக் கோயிலுக்குக் கொடுப்பார். அந்த நிலத்துக்கு ஆண்டுதோறும் வரும் வரிக்கு ஈடாக ஒரு தொகையை ஊரிடமோ சபையிடமோ மொத்தமாகக் கொடுத்துவிடுவார். இதை இறைத்திரவியம் என்றும் இறைகாவல் என்றும் சொல்வார்கள். தொகையைக் கைக்கொண்ட ஊரார், சந்திரனும் சூரியனும் உள்ளவரை அந்த நிலத்தின் வரியை ‘இழிச்சி’, அதாவது இறக்கி, தாங்களே இறுப்பதாக ஒப்புக்கொள்வார்கள். அரசனின் கணக்கில் அந்த வரி குறையவே இல்லை. ஊரின் மற்ற நிலங்கள் அதைச் சுமந்தன. கொடுத்த காசின் பயன் நின்றுபோனாலும் கடமை நிற்காது, ஏனென்றால் கல்லில் ‘சந்திராதித்தவல்’ என்று வெட்டியாகிவிட்டது.

சுமக்க முடியாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு உக்கல் கல்வெட்டு விடை சொல்கிறது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் நிலம் வைத்திருப்பவர், ஊராரோடு சேர்ந்து இறுக்க வேண்டிய வரியை இரண்டு ஆண்டுகள் முழுமையாக இறுக்காவிட்டால், அந்த நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஊர் கூட்டாகப் பொறுப்பேற்ற வரியில் ஒருவரின் நிலுவை மற்றவர் கழுத்துக்கு வரும் என்பதால்தான் இவ்வளவு கடுமை. அத்தகைய ஊரில் ஒரு நிலத்தின் வரியை இறக்கியபோது, பக்கத்து வயல்காரர் அதை எப்படி உணர்ந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் இருப்பதைச் சொல்லி, அவன் வரியையே நீக்கிவிட்டான் என்று இங்கே சிலர் எழுதுவதுண்டு. அவன் தவிர்த்தது வணிகப் பொருள்கள் மீதான சுங்கம், நிலவரி அல்ல.

பழைய அடங்கல்

வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கல்வெட்டு எனக்குத் தெரியாது. ஆனால் கல்லெழுத்து அவர்கள் சொன்னதையே பிற்காலப் பதிவேடுகளில் வேறு சொற்களில் படித்திருக்கிறேன். இறையிலி என்ற சொல் மறைந்து, மானியம், இனாம், சுரோத்திரியம் என்ற சொற்கள் வந்தன. நிலம் அதேதான், விளைச்சலைப் பங்கிட்ட முறையும் ஏறக்குறைய அதேதான்.

விளைச்சலில் இரண்டு வாரங்கள், அதாவது பங்குகள், உண்டு. அரசுக்கு உரிய பங்கு மேல்வாரம். குடிக்கு உரிய பங்கு குடிவாரம். இனாம் கொடுத்தவர்கள் பல இடங்களில் மேல்வாரத்தைத்தான் கொடுத்தார்கள், ஏனென்றால் அரசிடம் இருந்தது அதுதான். குடிவாரம் உழுதவனிடம் இருந்தது. ஆனால் நாளடைவில் மேல்வாரம் பெற்றவர் தாமே நிலத்தின் முழு உடைமையாளர் என்று நடக்கத் தொடங்கினார். வாரம் கொடுத்துவந்த குடியானவர் அவருடைய குத்தகைக்காரர் என்று எழுதப்பட்டார். ‘இருவாரமா, மேல்வாரம் மட்டுமா’ என்ற ஒரு கேள்வியைச் சுற்றி எத்தனை வழக்குகள், எத்தனை குடும்பங்களின் நிம்மதி போயிற்று என்பது நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சென்னை மாகாணத்தில் 1858இல் அமைந்த இனாம் கமிஷன், ஒவ்வோர் இனாமையும் விசாரித்து, ஏற்றுக்கொண்டவற்றுக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தது. இன்றும் பத்திரங்களில் ‘டி.டி. எண்’ (டைட்டில் டீட்) என்று வருவது அந்தப் பட்டயத்தின் எண்தான். யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார், பரப்பு எவ்வளவு, யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற விவரங்களை இனாம் பேரேட்டில் எழுதினார்கள். விடுதலைக்குப் பிறகு 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்தால் ஜமீன்களும் முழு இனாம் கிராமங்களில் பலவும் ஒழிந்தன. 1963ஆம் ஆண்டின் 26, 30ஆம் சட்டங்களால் எஞ்சிய இனாம்கள், நிலம் வைத்திருப்பவர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு வந்தன. அப்போது நடந்த விசாரணையில் யார் எந்தத் தாளைக் காட்டினார் என்பதைப் பொறுத்துப் பட்டா போய்ச் சேர்ந்தது. உங்கள் தாத்தா போன்றவர்களிடம் அளந்து போட்ட நெல்லுக்கு ஏதாவது சீட்டு இருந்ததா? நான் பார்த்த பெரும்பாலான குடும்பங்களில் இல்லை. கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருந்தது. அந்த நோட்டு கணக்குப்பிள்ளையின் வீட்டில் இருந்தது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தார்கள். 1970இல் அது 15 ஆயிற்று. சமயப் பொது அறக்கட்டளைகளுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. கோயில் நிலம் கோயிலிடமே இருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனியார் நிலத்தை உழுத குத்தகைக்காரர் சிலருக்கேனும் உச்சவரம்பின் மூலம் நிலம் கிடைத்தபோது, பக்கத்தில் கோயில் நிலத்தை உழுதவருக்கு அந்த வாய்ப்பே எழவில்லை. ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த விலக்கு, அதன் கீழ் இருந்த மனிதனுக்கு மூடிய கதவாயிற்று.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உங்கள் கிராமத்தின் இனாம் பேரேட்டுப் பகுதிக்கு நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். கிராமத்தின் பழைய பெயர், பழைய வட்டம், டி.டி. எண் ஆகியவற்றில் கிடைத்ததை எழுதுங்கள். ‘அனுபவதாரர்’, அதாவது நிலத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர், என்று யார் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஏரிக்கரை

மேலே எழுதிய இருவரின் அறிவுக்கும் தலை வணங்குகிறேன். ஆனால் வரி விலக்கு எல்லாமே மற்றவர் தலையில் ஏற்றிய சுமை என்ற எண்ணம் இந்த இழையைப் படிப்பவர் மனத்தில் தங்கிவிடும் என்று அஞ்சுகிறேன். எல்லா விலக்கையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல.

நான் செய்யாறு பக்கத்து ஏரிப் பாசன ஊரைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டால், ஊர் முழுவதும் போர்வைக்குள் இருக்கும்போது அவர் ஒருவர் மட்டும் அரிக்கேன் விளக்கோடு கரைமேல் நடப்பார். மதகின் மரத் தண்டைத் தூக்குவதற்கு நீருக்குள் இறங்குவார். அறுப்பில் ஒவ்வொரு வயலிலிருந்தும் அவருக்கு அரிக்கட்டு போகும். அவருக்கு விட்டிருந்த சிறு துண்டு நிலத்துக்கு ஊர்ச் செலவில் பங்கு கேட்க மாட்டார்கள். அதை யாராவது சலுகை என்று சொல்லிப் பொறாமைப்பட்டிருப்பார்களா? அவர் கொடுக்க வேண்டியதைக் கரைமேல் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

சோழர், பல்லவர் காலத்திலும் இப்படிப்பட்ட நிலங்கள் இருந்தன. ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம் ஏரிப்பட்டி. ஊருக்காகப் போரிட்டு இறந்தவரின் குடும்பத்துக்கு விட்ட நிலம் உதிரப்பட்டி. நெத்தோர்பட்டி என்றும் சொல்வார்கள். மருத்துவருக்கும் கோயிலில் கொட்டு முழக்கும் உவச்சருக்கும் தனித்தனியே நிலம் உண்டு. இவற்றை ஆனைமங்கலத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலோ இன்னொரு வகை இருக்கிறது. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களைப் பட்டியலிடும்போது, ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லி, அதிலிருந்து ஊர்நத்தம், சிறு கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, சுடுகாடு என்று விளையாத நிலத்தை எல்லாம் கழித்து, மீதிக்குத்தான் வரி கணக்கிட்டிருக்கிறார்கள். குடியிருக்கும் மண்ணுக்கும் எரிக்கும் மண்ணுக்கும் நெல் கேட்கக் கூடாது என்ற அந்தக் கணக்கை நான் மதிக்கிறேன்.

கல்லெழுத்து

ஏரிக்கரை அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. என் முதல் பதிலில் ஏரிப்பட்டியைச் சேர்க்காதது குறைதான். ஊர் முழுவதற்கும் பயன்படும் உழைப்புக்கு ஈடாக விட்ட நிலத்தையும், உழைப்பில் பங்கு கொள்ளாதவருக்கு விட்ட நிலத்தையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெரிய கோயில் கணக்கில் ஒரு சிறு விவரத்தை மட்டும் சேர்க்கிறேன். கழித்த நிலங்களில் சில ஊர்களுக்குச் சுடுகாடு என்றும் பறைச்சுடுகாடு என்றும் இரண்டு தனித்தனியாக வருகின்றன. வரி கேட்காத இடத்திலும் வேலி இருந்தது.

மரக்கால் அவர்களுக்கு: ‘ஊர்க்கீழ் இறையிலி’ என்று நீங்கள் படித்த வரிக்குப் பிறகு, ‘இறுப்போம்’ என்ற வினை எங்காவது வருகிறதா என்று பாருங்கள். ஊரார் தாங்களே செலுத்துவதாகச் சொல்லியிருந்தால் அந்தச் சொல் இருக்க வேண்டும்.

மரக்கால்

நேற்று மீண்டும் கோயிலுக்குப் போயிருந்தேன். ஸ்தபதியிடம் பேசி, மைப்படி எடுக்கும் வரை தென்சுவரை யாரும் தொடுவதில்லை என்று உறுதி பெற்றிருக்கிறேன். அவர் நல்லவர், தானே ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்துக் கொடுத்தார்.

நீங்கள் சொன்ன இடத்தில் தண்ணீர் தெளித்து, டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். ‘ஊரோம்’ என்பது தெளிவாக இருக்கிறது. அதற்கு அடுத்த கல்லின் ஓரம் உடைந்திருக்கிறது. உடைப்புக்கு அப்பால் ‘றுப்போமாக’ என்று முடிகிறது. முன்னால் உள்ள ஓர் எழுத்து இல்லை. அது ‘இ’யாகத்தான் இருக்க வேண்டும். ஊரோம் இறுப்போமாக. செலுத்தியவர்கள் யார் என்ற என் கேள்விக்கு அவர்களே கல்லில் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ‘ஊரோம்’ என்ற சொல்லுக்குள் உழுதவன் இருந்தானா, நிலம் வைத்திருந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்களா என்பதுதான் இனி என் கேள்வி.

பழைய அடங்கல் ஐயா, தாத்தாவிடம் சீட்டு எதுவும் இருக்கவில்லை. வீட்டில் இருப்பது, விளிம்பில் பித்தளைப் பூண் போட்ட அந்த மரக்கால் மட்டும்தான். பெரிய அத்தையிடம் டி.டி. எண் எழுதிய பழைய குத்தகைச் சீட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். அது அவருடைய புகுந்த வீட்டு நிலத்துக்கு உரியதா, எங்கள் நிலத்துக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை எழும்பூருக்குப் போகிறேன். பேரேட்டு நகல் கிடைத்ததும் அனுபவதாரர் பகுதியில் உள்ளதை இங்கேயே அப்படியே எழுதுகிறேன்.

பழைய அடங்கல்

போகும்போது வட்டத்தின் பழைய பெயரை மறக்காமல் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் பகுதி அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றைய மாவட்டப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதிவேட்டைத் தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும். அனுபவதாரர் பகுதியில் ஒரே பெயர் இல்லாமல் ‘மற்றும் சிலர்’ என்று இருந்தால் அதையும் விடாமல் படி எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஊரோம்’ என்பதற்குள் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, அதே கேள்வி அங்கேயும் வரும்.